புத்தக மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கும் சிறு வங்கிப் பங்கு: வாங்கலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து போன ஆண்டு ஓய்வு பெற்றேன். வயது 61. மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. பணிக்கொடை, கம்யூட்டேஷன் எல்லாம் சேர்த்து 26 லட்சம் கைக்கு வந்தது. அதில் 9 லட்சத்தை எங்கள் ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு சிறு நிதி வங்கியில் எஃப்.டி. போட்டிருக்கிறேன். மற்ற வங்கிகளைவிட வட்டி அதிகம், கிளையில் மரியாதையாகவும் நடத்துகிறார்கள். இப்போது என் மகன், "அம்மா, அதே வங்கியின் பங்கு 38 ரூபாய்க்குக் கிடைக்கிறது, புத்தக மதிப்பு 52 ரூபாய். 6 லட்சத்துக்கு வாங்கிப் போடலாம்" என்கிறான். வங்கிதானே, ஏதாவது ஆனால் ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ளாதா? வாங்கலாமா? (பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்:

வணக்கம் டீச்சர். வங்கியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லும்போது ஒரு பங்கை வாங்கு, வாங்காதே என்று அச்சில் சொல்வது சரியில்லை என்பதால் பெயரை எடுத்துவிட்டேன். நான் சொல்லப்போவது இந்த வகை வங்கிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ளும். ஆனால் அது பார்த்துக்கொள்வது டெபாசிட் போட்டவரை, பங்கு வாங்கியவரை அல்ல. இன்று நீங்கள் அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவர். பங்கு வாங்கினால் அதன் கூட்டாளி ஆகிவிடுவீர்கள். வங்கிக்கு நஷ்டம் வந்தால் முதலில் கரைவது கூட்டாளியின் பணம்தான். டெபாசிட்காரருக்குக் காசு மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே பங்குதாரர் பணம் முன்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நமக்கெல்லாம் தெரிந்த பெயர். சிறு வியாபாரிகளை நம்பி வளர்ந்த வங்கி, பிற்காலத்தில் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்களில் மாட்டிக்கொண்டது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கண்காணிப்பு நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. 2020 நவம்பர் 17-ஆம் தேதி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. அந்த மாதம் 27-ஆம் தேதியே டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பங்கு மூலதனம் முழுவதையும் ரத்து செய்துதான் இணைப்பு நடந்தது. டீமேட் கணக்கில் ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கும் பத்தாயிரம் பங்கு வைத்திருந்தவருக்கும் மிஞ்சியது பூஜ்யம்தான். தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கை வைத்திருந்த குடும்பங்கள் கரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. "நம்ம ஊர் பேங்க்" என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் விற்காமல் இருந்தார்கள்.

எல்லா இணைப்பும் இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. 2001-இல் பேங்க் ஆஃப் மதுரா ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு சேர்ந்தபோது ஒரு பங்குக்கு இரண்டு ஐ.சி.ஐ.சி.ஐ. பங்கு கொடுத்தார்கள். அதை விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய சொத்தாகிவிட்டது. அந்த வங்கி நல்ல நிலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தது. லட்சுமி விலாஸ் மூச்சு நின்ற பிறகு சேர்க்கப்பட்டது. பங்குதாரருக்கு வித்தியாசம் அங்கேதான்.

சரி, இப்போது உங்கள் வங்கிக்கு வருவோம்.

சிறு நிதி வங்கி என்பது பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த வகை. 2015 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பத்து நிறுவனங்களுக்குக் கொள்கையளவில் அனுமதி கொடுத்தது. அந்தப் பத்தில் எட்டு, அதுவரை மைக்ரோஃபைனான்ஸ், அதாவது பெரும்பாலும் பெண்கள் குழுக்களுக்கு அடமானம் இல்லாமல் சிறு கடன் கொடுக்கும் தொழில், நடத்தியவை. மீதி இரண்டில் ஒன்று ஜெய்ப்பூரில் வாகனக் கடன் கொடுத்துவந்த ஏ.யூ., மற்றொன்று ஜலந்தரில் உள்ளூர் வங்கியாக இருந்த கேபிடல். கொடுக்கும் கடனில் பாதியாவது 25 லட்சத்துக்கு உட்பட்ட கடனாக இருக்க வேண்டும் என்பது விதி. கொடுத்த கடன் முதலான சொத்துகளை ஆபத்துக்கேற்பக் கணக்கிட்டு, அதில் குறைந்தது 15 சதவீதம் மூலதனமாக வைத்திருக்க வேண்டும். மற்ற வங்கிகளுக்கு இது 9 சதவீதம், கெட்ட காலத்துக்கென்று வைக்கும் கூடுதல் தாங்கு மூலதனத்தையும் சேர்த்தால் 11.5. சிறு நிதி வங்கிகளுக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே வகை மக்களுக்கு, பெரும்பாலும் அடமானம் இல்லாமல் கடன் கொடுப்பவர்கள், அடி விழுந்தால் பலமாக விழும் என்று ரிசர்வ் வங்கிக்கே தெரியும்.

உங்கள் மகன் புத்தக மதிப்பு 52 என்றார். வங்கியின் சொந்த நிதியை மொத்தப் பங்குகளால் வகுத்தால் வருவதுதான் புத்தக மதிப்பு. நான் அவரிடம் கேட்க நினைப்பது, அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தணிக்கை வேலையாக, கடன் பிரிவு அலுவலர் ஒருவரோடு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணி. ஒரு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்து அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்களுடைய தவணையை மற்றவர்கள் ஆளுக்கு முப்பது நாற்பது என்று போட்டுக் கட்டினார்கள். அதில் ஓர் அம்மா மஞ்சப் பையில் இருந்து அட்டையை எடுத்தபோது, ரப்பர் பேண்டு போட்ட கட்டாக நான்கு அட்டை வந்தது. நான்கும் நான்கு வேறு நிறுவனங்கள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: "இதைக் கட்டத்தான் சார் அதை வாங்கினேன்."

அன்றைய பதிவேட்டில் அந்தக் குழுவின் வசூல் நூறு சதவீதம். பொய் இல்லை, பணம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் வருமானத்தில் இருந்து வரவில்லை. நான்காவது நிறுவனம் கடன் கொடுப்பதை நிறுத்தும் நாளில் முதல் மூன்றுக்கும் தவணை நிற்கும். புத்தகத்தில் அது அன்றுவரை நல்ல கடன்.

2024-25-இல் நாடு முழுக்க நடந்தது ஏறக்குறைய இதுதான். ஒரே ஆளுக்குப் பலர் கடன் கொடுத்திருந்தார்கள். மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களின் சங்கமே, ஒருவருக்கு இத்தனை பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது, மொத்தக் கடன் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. அடுத்த கடன் நின்றதும் பழைய கடன் நின்றது. அப்புறம் 2025-இல் கர்நாடகமும் தமிழ்நாடும் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தன. அந்தச் சட்டங்கள் தேவையானவை என்றுதான் நான் நினைக்கிறேன், வசூல் என்ற பெயரில் வாசலில் நடந்த அவமானங்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் பங்கு வாங்குகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தொழிலில் ஓர் அவசரச் சட்டமே வசூலைப் படுக்க வைத்த வரலாறு உண்டு. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் ஒரு பங்கு 985 ரூபாய் என்று ஐ.பி.ஓ. (பொதுமக்களுக்கு முதல் பங்கு வெளியீடு) வந்தது. அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. இரண்டே ஆண்டில் அந்தப் பங்கு 100 ரூபாய்க்குக் கீழே போனது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38, 52 இரண்டும் உங்கள் கடிதத்தில் உள்ளவை, மற்ற எண்கள் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு வங்கியின் சொந்த நிதி 1,560 கோடி, மொத்தம் 30 கோடிப் பங்கு. பங்குக்கு 52 ரூபாய். அந்த வங்கி கொடுத்திருக்கும் கடன் 10,000 கோடி, அதில் 4,000 கோடி குழுக் கடன், அடமானம் எதுவும் கிடையாது. அந்தக் குழுக் கடனில் பத்துக்கு ஒன்று திரும்பவில்லை என்று வையுங்கள். 400 கோடி போயிற்று. சொந்த நிதி 1,160 கோடி ஆகிறது. பங்குக்கு 38 ரூபாய் 67 காசு.

பார்த்தீர்களா டீச்சர், 52 ரூபாய்ப் பொருளைச் சந்தை 38-க்கு விற்கவில்லை. "இதன் குழுக் கடனில் பத்துக்கு ஒன்று வராது என்று நினைக்கிறேன்" என்று சொல்கிறது, அவ்வளவுதான். சந்தையின் அந்தக் கணிப்பு தப்பாக இருந்தால் உங்களுக்கு லாபம், சரியாக இருந்தால் நியாய விலை, போதாமல் இருந்தால் நஷ்டம். வராமல் போகக்கூடிய கடனுக்காக ஏற்கெனவே எவ்வளவு பணம் ஒதுக்கீடு செய்திருக்கிறார்கள், ஆண்டு லாபம் எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் நல்ல பக்கமாக நகரும். அதனால்தான் அந்த இரண்டையும் பார்க்காமல் மலிவு என்று சொல்லவே முடியாது.

கணக்கு இங்கேயும் முடிவதில்லை. நிதி குறைந்தால் 15 சதவீத வரம்பு நெருங்கும், வங்கி புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டியிருக்கும். கஷ்ட காலத்தில் வெளியிடும் பங்கு மலிவாகத்தான் போகும். 30 ரூபாய் விலையில் 10 கோடிப் புதுப் பங்கு விற்றால் 300 கோடி வரும். இப்போது 1,460 கோடி, 40 கோடிப் பங்கு. பங்குக்கு 36 ரூபாய் 50 காசு. நீங்கள் 38-க்கு வாங்கியது புத்தக மதிப்புக்கு மேலே போய்விட்டது. ரைட்ஸ் வெளியீடாக இருந்தால் பழைய பங்குதாரரைக் கேட்பார்கள், நீங்கள் இன்னும் பணம் போட வேண்டும். போடாவிட்டால் உங்கள் பங்கு சுருங்கும். ஓய்வூதியத்தில் இருப்பவரை இந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை.

உங்கள் மகன் ஆர்வமாகத்தான் சொல்லியிருக்கிறார், அவரைத் திட்ட வேண்டாம். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். வங்கி காலாண்டுக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்கென்று ஓர் அறிக்கை வெளியிடும், வங்கியின் வலைத்தளத்திலும் பங்குச் சந்தை வலைத்தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். கடைசி எட்டுக் காலாண்டு அறிக்கைகளை இறக்கிப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் எல்லா வங்கியும் நல்ல வங்கியாகத்தான் தெரியும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது, கடனில் எவ்வளவுக்கு அடமானம் உண்டு என்பது. வீடு, கடை, வண்டி, நகை எதன் பேரில் கொடுத்தாலும் பரவாயில்லை, கட்டாவிட்டால் எடுக்க ஏதாவது இருக்கிறது. குழுக் கடனில் எடுக்க ஒன்றும் இல்லை, இருக்கவும் கூடாது. முன்பு சொன்ன ஏ.யூ. வாகனக் கடனில் இருந்து வந்தது, அடமானக் கடனிலேயே பெரும்பாலும் நின்றது. 2017-இல் 358 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்து, 2022-இல் ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசமாக, போனஸாகக் கொடுத்து, 2025 ஆகஸ்டில் முழு வங்கியாக மாற ரிசர்வ் வங்கியிடம் கொள்கையளவில் அனுமதியும் வாங்கிவிட்டது. அதே வகையில் 2021-இல் 305 ரூபாய்க்கு வந்த சூர்யோதய், 2023-இல் 60 ரூபாய்க்கு வந்த ஈசாஃப் இரண்டும் வெளியீட்டு விலைக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தன. எல்லாம் ஒரே உரிமம்தான், ஆனால் யாருக்கு, எதன் பேரில் கடன் கொடுத்தார்கள் என்பது வேறு. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஈக்விட்டாஸ் உட்படப் பல வங்கிகள் இப்போது குழுக் கடன் பங்கைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. உங்கள் வங்கியில் அந்தப் பங்கு எட்டுக் காலாண்டில் எப்படி நகர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வாராக்கடன். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். மொத்த வாராக்கடன் 7-இல் இருந்து 3 சதவீதம் ஆகிவிட்டது என்று தலைப்பில் போட்டிருப்பார்கள். கடன் வசூலாகிக் குறைந்ததா, தள்ளுபடி எழுதிக் குறைந்ததா, கெட்ட கடன்களை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கழிவு விலையில் விற்றுக் குறைந்ததா? பின்னாலுள்ள சின்ன எழுத்து அட்டவணையில் அந்தக் காலாண்டில் புதிதாக எவ்வளவு கடன் கெட்டது, எவ்வளவைத் தள்ளினார்கள், எவ்வளவை விற்றார்கள் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். எனக்கு முக்கியம் அந்த முதல் எண்தான். புதிதாகக் கெடும் கடன் தொடர்ந்து மூன்று நான்கு காலாண்டு குறைந்துகொண்டே வந்தால் அடி நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒதுக்கீடு போட்டது போக மிஞ்சும் நிகர வாராக்கடனையும் சொந்த நிதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். தவணை தவறி 90 நாள் ஆன பிறகுதான் ஒரு கடன் வாராக்கடன் ஆகிறது. 30 நாள், 60 நாள் தவறியவை எவ்வளவு என்ற எண்ணில் நாளைய வாராக்கடன் இன்றே தெரியும்.

பிறகு எந்த ஊரில் கடன் இருக்கிறது என்பது. ஒரே மாநிலத்தில் பாதிக் கடன் இருந்தால், ஒரு வெள்ளம், ஒரு வறட்சி, கடன் தள்ளுபடி வாக்குறுதி தரும் ஒரு தேர்தல், இதில் எது வந்தாலும் போதும். நடப்பு, சேமிப்புக் கணக்குப் பணம் மொத்த டெபாசிட்டில் எவ்வளவு என்பதையும் ஒரு பார்வை பார்க்கட்டும். உங்களுக்கு அதிக வட்டி கொடுத்துத்தான் எஃப்.டி. வாங்குகிறார்கள் என்றால், அந்த வட்டியை இன்னொருவரிடம் இன்னும் அதிகமாக வாங்கித்தான் ஆக வேண்டும். டெபாசிட் போடும்போது உங்களுக்குச் சந்தோஷம் கொடுத்த அதே வட்டி, பங்குதாரராக நீங்கள் கவலைப்பட வேண்டிய செலவு.

இவ்வளவும் பார்த்த பிறகு அவர் வாங்கத்தான் வேண்டும் என்றால், அவர் சம்பளத்தில் வாங்கட்டும். அவருக்கு வயது இருக்கிறது, இந்தத் தொழிலில் கெட்ட காலம் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவதை அவரால் காத்திருந்து தாண்ட முடியும். 2010 ஆந்திரா, 2016 பணமதிப்பிழப்பு, 2020 கொரோனா, 2024-25 கடன் சுமை என்று வரிசையாக வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அடிபட்டு எழுந்த நிறுவனங்கள் உண்டு, எழாதவையும் உண்டு. எது எழும் என்பது விழுந்துகொண்டிருக்கும்போது தெரிவதில்லை. நல்ல சிறு வங்கியைக் கெட்ட காலத்தின் முடிவில் வாங்கியவர்கள் நன்றாகவே சம்பாதித்திருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். அப்படி வாங்குகிறவர்கள் அந்தப் பணம் முழுவதும் போனாலும் சமாளிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் 26 லட்சத்தில் 6 லட்சத்தை ஒரே வங்கியின் ஒரே பங்கில் வைப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் பதில்: வேண்டாம். அந்தப் பங்கு நாளை 70 ரூபாய் ஆனாலும் என் பதில் இதுதான்.

வங்கித் துறை வளர்ச்சியில் உங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றினால், பல நிறுவனங்களில் பரவலாக முதலீடு செய்யும் ஓர் இன்டெக்ஸ் ஃபண்டில் சிறு தொகையாக மாதாமாதம் போடுங்கள். அதிலேயே பெரிய வங்கிகள் கணிசமாக இருக்கின்றன. மாத வருமானத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பார்த்தீர்களா? தபால் நிலையத்தில் தொடங்கலாம், 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், அரசின் பொறுப்பு. நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த 9 லட்சம் எஃப்.டி. ஒரே வங்கியில் இருக்கிறது. டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான், எத்தனை ரசீதாகப் பிரித்துப் போட்டாலும் ஒரே பெயரில் இருந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் கணக்கு. உங்கள் வங்கி ஆபத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவசரமாக உடைத்து அபராதம் கட்டவும் வேண்டாம். எஃப்.டி. முதிர்ந்ததும் நாலரை லட்சத்தை மட்டும் அங்கேயே போட்டுவிட்டு மீதியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கிளை மேலாளர் வருத்தப்படுவார் என்று தயங்க வேண்டாம், காரணத்தைச் சொன்னால் அவருக்கே புரியும்.